மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

கேள்வி: எனக்கு வயது 41. ஆறு ஆண்டுகளாக ஓடுகிறேன். மூன்று மாரத்தான்களை முடித்திருக்கிறேன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு மாதம் இருக்கும்போது கணைக்காலிலோ குதிகாலிலோ வலி வந்துவிடுகிறது. இப்போதோ காலையில் எழுந்து காலணியை மாட்டவே மனம் வருவதில்லை. எழுபது வயதிலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை. அது நடக்குமா, ஐயா?

பதில்: நடக்கக்கூடியதுதான். கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக் 2004ஆம் ஆண்டில், தம் 73ஆம் வயதில், மாரத்தான் தொலைவை 2 மணி 54 நிமிடம் 48 விநாடிகளில் ஓடி முடித்தார். அந்த நேரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் பயிற்சி செய்த விதம். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதைகளில், பந்தய வேகத்தைவிட மிக மெதுவாக, மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடுவார். காயம் வந்தால் மாதக்கணக்கில் கூட நிறுத்திவிட்டு, மறுபடியும் சிறிய ஓட்டங்களிலிருந்து தொடங்குவார்.

உங்களுக்கு வலி வரும் காலம் தற்செயலானது அன்று. ஓட்டத்தின் அளவைக் கூட்டும்போது இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. தசைநாண்களுக்கோ பல மாதங்கள் வேண்டும். எலும்பின் வேலை இன்னும் நுட்பமானது. சுமை கூடியதும் உடல் முதலில் எலும்பின் பழைய பகுதிகளைக் கரைத்தெடுக்கிறது. அந்த இடத்தைப் புதிய எலும்பால் நிரப்பி முடிக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆகவே பயிற்சியைக் கூட்டிய சில வாரங்களில், மூச்சு சீராகி, கால்கள் இலகுவாகி, இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிடலாம் என்று மனம் துள்ளுகிற அதே வேளையில், எலும்பு முன்பிருந்ததைவிடச் சற்று நலிந்திருக்கக்கூடும். மூச்சு கொடுத்த அனுமதியை எலும்பும் கொடுத்துவிட்டதாக எண்ணிவிடுகிறோம்; நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின.

நானும் அப்படி எண்ணியவன்தான். 38ஆம் வயதில் இடது கணைக்காலில் ஒரு வலி வந்தது. ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் மறைந்துவிடும், இரவில் திரும்பும். கட்டைவிரலால் எலும்பின் ஓரமாக அழுத்திக்கொண்டே போனபோது, ஒரு நாணயத்தின் அளவே உள்ள ஓர் இடத்தில் மட்டும் சுரீரென்றது. அதைப் பொருட்படுத்தாமல் மேலும் பதினொரு நாள் ஓடினேன். மயிரிழை விரிசல், நான்கு மாதம் ஓட்டம் இல்லை. நீங்களும் இன்றே அப்படி அழுத்திப் பாருங்கள். ஓர் உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட்டத்தைக் குறைத்துக் கவனிக்கலாம். விரல்நுனியால் சுட்டிக்காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தாலோ, ஓடாதபோதும் வலித்தாலோ, அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம் என்பதால், படம் சுத்தமாக இருக்கிறது என்று மீண்டும் ஓடத் தொடங்கிவிட வேண்டாம்.

மனம் வராததைச் சோம்பல் என்று நீங்களே உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், காலையில் எழுந்தவுடன் பார்க்கும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடச் சில நாட்களாகக் கூடியிருப்பது, இவற்றோடு விருப்பமும் வற்றினால், உடல் ஓய்வு கேட்கிறது என்று பொருள். ஓடும் அளவுக்கு ஏற்பச் சாப்பிடாதவர்களுக்கும் இதே நிலை வரும். அவர்களுடைய எலும்பும் சேர்ந்து நலியும். இரண்டு வாரம் ஓடாதீர்கள். அடுத்த இரண்டு வாரம் கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு, உடன் வருபவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓடுங்கள். அதன் பிறகும் ஐந்தில் நான்கு ஓட்டங்கள் அந்த வேகத்திலேயே இருக்கட்டும். இந்த ஆண்டு பந்தயம் எதற்கும் பெயர் கொடுக்காதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நாளும் விடாமல் ஓடுவதே ஒழுக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ரான் ஹில் 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளுக்கு மேல், நாள் தவறாமல் குறைந்தது ஒரு மைலாவது ஓடினார். அவரை நான் வணங்குகிறேன். ஆனாலும் அந்த வழியை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தொடர்ச்சியைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், வலிக்கும் காலின் பேச்சு காதில் விழாது.

கேள்வி: இப்படியே ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். உண்மையா?

பதில்: ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 வயதைக் கடந்த 538 ஓட்டக்காரர்களையும், ஒப்பிட்டுப் பார்க்க ஓடாதவர்களையும் 1984இலிருந்து 21 ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். முதல் 19 ஆண்டுகளுக்குள் ஓடாதவர்களில் 34 விழுக்காட்டினரும், ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அன்றாட வேலைகளில் தடுமாற்றமும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டுகள் தாமதமாகவே வந்தது. அவர்களுள் ஒரு சிறு குழுவினரின் முழங்கால்களைப் பல ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதும், ஓடியவர்களிடம் மூட்டுத் தேய்மானம் கூடுதலாகக் காணப்படவில்லை. உடல்நலம் உள்ளவர்களே ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் உங்கள் வீட்டாரின் அச்சத்தைப் போக்க இது போதும் என்று நம்புகிறேன். முழங்காலில் ஏற்கெனவே ஜவ்வு கிழிந்தவர்களின் நிலை வேறு. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஓடக் கூடாது.

கேள்வி: எனக்கு 58 வயது. இருபது ஆண்டுகளாக ஓடும் பெண் நான். வேகம் குறைந்துகொண்டே வருவது வருத்தமாக இருக்கிறது. எதை மாற்றிக்கொள்வது?

பதில்: அம்மா, அந்த வருத்தம் எனக்கும் தெரியும். தொலைவைக் கணக்கிடுவதை விட்டுவிட்டு, எத்தனை நிமிடம் ஓடினீர்கள் என்று மட்டும் குறித்து வாருங்கள். பழைய எண்களோடு ஒப்பிடும் வழக்கம் தானாகவே நீங்கும். கடினமான ஓட்டத்துக்குப் பின் ஒரு நாள் விட்ட இடத்தில் இப்போது இரண்டு நாள் விடுங்கள். மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தி விரைவாகக் குறைவதால், வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியை ஓட்டத்துக்கு நிகராக மதியுங்கள். வயதாகும்போது ஓட்டத்தில் முதலில் வலுவிழப்பது கெண்டைக்கால். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். எத்தனை முறை முடிகிறது என்று இரு கால்களுக்கும் எண்ணிப் பாருங்கள். குறைவாக வரும் காலுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள்.