முந்தைய இரவும் காலை விருந்தும் – கடிதம்

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் வீட்டில் எட்டு விருந்தினர்கள் தங்கியிருந்தார்கள். காலையில் அவர்களோடு அமர்ந்து பேச வேண்டும் என்ற ஆசையில், ரொட்டி, முட்டை, பால், சீஸ், காளான் சேர்த்துச் செய்யும் ஸ்ட்ராட்டாவை முந்தைய இரவே ஓவனில் வேகவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் சூடாக்கிப் பரிமாறினேன். முட்டை ரப்பர் போல இறுகியிருந்தது. அடியில் நீர் தேங்கி நின்றது. எல்லோரும் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள். இதை முன்கூட்டியே செய்யவே முடியாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகச் செய்யலாம். இரவு வேலை எது, காலை வேலை எது என்று பிரித்ததில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. இரவில் அடுக்கி ஊறவைக்க வேண்டும். ஓவனில் வைப்பதைக் காலைக்கு விட்டுவிட வேண்டும். ஒருமுறை வெந்து இறுகிய முட்டையை மீண்டும் சூடாக்கினால், அதன் புரதம் மேலும் சுருங்கித் தன்னுள் பிடித்துவைத்திருந்த நீரை வெளியே தள்ளிவிடும். நீங்கள் அடியில் கண்ட நீரில் பெரும்பகுதி அதுதான்.

மிச்சம் காளானிலிருந்து வந்திருக்கலாம். காளானைப் பச்சையாகச் சேர்க்கவே கூடாது. வாணலியில் போட்டதும் அது நீர் விட்டுக் கொதிக்கும். அந்தக் கொதிப்புச் சத்தம் அடங்கி, எண்ணெயில் பொரியும் சத்தம் கேட்டு, ஓரங்கள் பழுப்பாகும்வரை பொறுத்திருந்து இறக்கி, ஆறிய பிறகே அடுக்க வேண்டும். கீரைக்கும் இதே கவனம் தேவை.

ரொட்டி ஓரிரு நாள் பழையதாக இருப்பது நல்லது. புதிய ரொட்டி கூழாகிவிடும். புதியதுதான் கிடைக்கிறது என்றால், துண்டுகளாக்கி 150 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் உலர்த்திக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு 9க்கு 13 அங்குலப் பாத்திரம், ஏறத்தாழ 400 கிராம் ரொட்டி, 8 முட்டை, 3 கப் பால் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. முட்டைப்பாலை ஊற்றியபின் கரண்டியின் பின்புறத்தால் மெல்ல அழுத்தினால், உலர்ந்த துண்டுகளிலிருந்து சிறு குமிழிகள் எழும். அவை நிற்கும்வரை அழுத்தி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். எட்டு மணி நேரமாவது ஊறட்டும். ஆனால் ஒரு நாளைத் தாண்ட வேண்டாம். விருந்தினருக்காக அல்லாமல் எனக்காக மட்டும் செய்யும்போதும் நான் இரவே ஊறவைக்கிறேன். ரொட்டியின் நடுப்பகுதிவரை பால் இறங்க அந்த நேரம் வேண்டும்.

எட்டரைக்குப் பரிமாற வேண்டுமென்றால், ஏழு மணிக்குப் பாத்திரத்தை வெளியே எடுத்து, ஓவனை 175 டிகிரிக்குச் சூடேற்றத் தொடங்குங்கள். ஏழரைக்குப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரம் நேரடியாகச் சூட்டில் போனால் விரிசல் விடக்கூடும் என்பதால் இந்த அரை மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். முதல் அரை மணி நேரம் ஃபாயிலால் மூடியும், பிறகு இருபது நிமிடம் திறந்தும் வேகவையுங்கள். நடுவில் செருகிய கத்தியில் பால் ஈரம் ஒட்டக் கூடாது. உணவு வெப்பமானி இருந்தால் அதே இடத்தில் 71 டிகிரி காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் இன்னும் சில நிமிடம் வையுங்கள். எடுத்தபின் பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் துண்டுகள் உருக்குலையாமல் வரும்.

சீஸில் ஒரு கைப்பிடியை மட்டும் இரவில் சேர்க்காமல் எடுத்துவைத்து, ஃபாயிலை நீக்கும்போது மேலே தூவுங்கள். முதலிலேயே தூவியது ஃபாயிலோடு உரிந்து போய்விடும்.