விசா நேர்காணலும் நம் ஊர்த் தண்ணீரும்

வணக்கம் ஐயா,

பாலக்கோடு பக்கம் என் ஊர். சிவில் முடித்திருக்கிறேன். அமெரிக்காவில் நீர்வளப் பொறியியல் முதுகலைக்கு இடம் கிடைத்தது. சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்து, 214(பி) பிரிவின்படி விசா மறுப்பு என்று அச்சிட்ட தாளோடு வெளியே வந்தேன். ‘ஏன் இந்தப் படிப்பு?’ என்றதற்குப் பயிற்சி மையத்தில் சொல்லித்தந்தபடி உலகத்தரம், ஆய்வு வசதி என்றேன். அப்பா தக்காளி மண்டி வைத்திருக்கிறார். ‘பிசினஸ்’ என்று சொன்னேன். மறுபடி போகலாமா? ஆங்கிலப் பயிற்சி வேண்டுமா? வங்கி இருப்பைக் கூட்டிக் காட்டச் சொல்கிறார்கள், செய்யலாமா?

ம.

அன்புள்ள தம்பி,

போகலாம். அந்த மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை, ஆனால் மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தை விடுங்கள், அது உங்கள் சிக்கல் இல்லை. வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம். விசாவுக்காகப் பொய் சொல்லிப் பிடிபட்டால் நிரந்தரத் தடை வரைக்கும் போகும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். பாலக்கோட்டில் பிறந்து, தண்ணீரைப் பற்றிப் படிக்கப் புறப்பட்டவர், ‘ஏன்’ என்ற கேள்விக்கு உலகத்தரம் என்றா பதில் சொல்வது?

நான் பென்னாகரம் பக்கத்தவன். என் அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். பற்களில் பழுப்புக் கறை. எங்கள் பள்ளிக்கு வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் எங்களை வரிசையாக நிறுத்தி, பல் தேய்க்காத பிள்ளைகள் என்று திட்டினார். வீட்டுக்குப் போய்ச் செங்கல் தூளால் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தோம். எப்படிப் போகும்? ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே தண்ணீரின் ஃபுளோரைடு செய்துவிட்ட வேலை அது. பாறையிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் இறங்குகிறது. வருடக்கணக்கில் அதிகமாகக் குடித்தால் எலும்பையும் பிடிக்கும், முதுகும் முழங்காலும் விறைத்துப் போகும். குழந்தைகளைச் சோம்பேறிகள் என்று ஏசியவருக்கு இது ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், தம்பி. தெரிந்தும் அந்தச் சன்னலுக்கு முன்னால் வாய் திறக்கவில்லையே!

ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் திட்டம் 2008இல் தொடங்கி 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் குழாய் வறண்ட நாளில் குடம் மறுபடி போர்வெல்லுக்குத்தான் போகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடைப் பிரிக்கும் நல்கொண்டா முறையை நீங்கள் படித்திருப்பீர்கள். வடிகட்டியபின் மிஞ்சும் கசடை ஒரு சிற்றூர் எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? இந்த ஒரு கேள்வியோடு இரண்டு வருடம் ஓர் ஆய்வகத்தில் உட்காரலாமே. 214(பி) அமெரிக்காவின் 1952ஆம் வருடக் குடியேற்றச் சட்டத்தில் உள்ள பிரிவு. வருகிறவர் அங்கேயே தங்கத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்று காட்டவேண்டியவர் நீங்கள். திரும்பி வருவதற்கு உங்களுக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? இதைச் சொன்னால் விசா உறுதி என்று நான் சொல்லவில்லை. அதிகாரி நம்பாமலும் போகலாம். ஆனால் உங்களுக்கு முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் சொன்ன அதே மனப்பாடத்தைச் சொல்லி, உங்கள் ஊரையே நீங்கள் மறைத்துவிட்டீர்கள். மண்டியையும் அப்படித்தான் மறைத்தீர்கள். விடியற்காலையில் எழுந்து தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று உங்களைப் படிக்கவைத்த மனிதரைச் சொல்ல என்ன கூச்சம்?

பயிற்சி மையத்துக்கு இனிப் போகாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் தருமபுரி ஆய்வகத்தில் உங்கள் ஊர் போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. உங்கள் ஊரில் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு நேர்காணலுக்கு நாள் குறியுங்கள். எனக்கும் எழுதுங்கள்.