திராட்சை வெட்டு பார்க்க நாசிக் போகலாமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்தோடு ஷீரடி போகிறோம். நாசிக்கில் ஒயின் திராட்சை அறுவடையையும் பார்த்துவிட்டு வர ஆசை. எந்த வாரம், எந்த நேரம் போனால் நல்லது? – மதுரை வாசகி

பதில்: ஷீரடியிலிருந்து நாசிக் சுமார் 90 கிலோமீட்டர்தான். மாதமும் சரியான மாதம். ஆனால் எல்லா ரகத்தையும் ஒரே வாரத்தில் வெட்டுவதில்லை. நுரைக்கும் ஒயினுக்கு உரிய காயில் புளிப்பு இறங்கிவிடக் கூடாது. அதை முதலில், பெரும்பாலும் ஜனவரியிலேயே எடுத்துவிடுவார்கள். அடுத்து சாவினியான் பிளாங்க், செனின் பிளாங்க் போன்ற வெள்ளை ரகங்கள். ஷிராஸ், கேபர்னே சாவினியான் போன்ற கறுப்பு ரகங்கள் மார்ச் வரை போகும். பிப்ரவரி நடுவில் போனால் இரண்டையும் பார்க்க வாய்ப்புண்டு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தோட்டத்துக்குப் போன் செய்து, "நாளை மறுநாள் எந்த ரகம் வெட்டு?" என்று கேட்டுவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் சில வருடம் திடீர் மழையும் ஆலங்கட்டியும் வந்து வெட்டு நாளையே மாற்றிவிடும்.

நேரம்தான் முக்கியம். பலரும் பதினோரு மணிக்குப் போய் வெறும் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வெயில் ஏறினால் காய் சூடாகி, பெட்டிக்குள்ளேயே சாறு கசிந்து நொதிக்கத் தொடங்கிவிடும், வாசனையும் போய்விடும். அதனால் விடியலிலேயே கத்திரி பிடித்து, வெயிலுக்கு முன் முடிக்கப் பார்ப்பார்கள். ஏழு மணிக்குள் தோட்டத்தில் இருங்கள். ஜனவரி, பிப்ரவரி காலையில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். வரப்பு பனியில் நனைந்திருக்கும், செருப்பு வழுக்கும். ஷூ போட்டுப் போங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பன்னீர் திராட்சை வருடம் முழுக்க வெட்டுகிறோம். நாசிக்கில் மட்டும் ஏன் சீசன்? – கம்பம் வாசகர்

பதில்: காரணம் மழை. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்த நேரத்தில் காய் பழுத்தால் நீர் கோத்து, தோல் வெடித்து, அழுகிவிடும். அதனால் ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) செய்து கொடியை மட்டும் வளர்க்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் காய்க்காக இரண்டாவது கவாத்து. அதிலிருந்து நான்கைந்து மாதத்தில் வெட்டு. குளிர்ந்த இரவும் காய்ந்த பகலும் சேர்ந்து கிடைப்பது அப்போதுதான்.

ஒயின் ரகத்தைப் பார்த்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். காய் சின்னது, தோல் தடிப்பு, சதை குறைவு, உள்ளே விதை. பழுத்ததா என்று பார்க்க ஒரு சொட்டுச் சாற்றை, சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவியின் கண்ணாடியில் விட்டு, மூடி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 22 முதல் 24 பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு) காட்டினால் சாதாரண ஒயினுக்குச் சரி. விதையையும் கடித்துப் பார்ப்பார்கள். பச்சையாகக் கசந்தால் இன்னும் சில நாள் விடுவார்கள். பழுப்பாகி நறுக்கென்று உடைந்தால் கத்திரி எடுக்கலாம். கேட்டால் உங்கள் கையிலும் கருவியைக் கொடுப்பார்கள்.

கேள்வி: ஆலைக்குள் என்ன கவனிக்க வேண்டும்? – கோவை வாசகர்

பதில்: பெட்டி வந்து இறங்கும் இடத்தில் நில்லுங்கள். காம்பு பிரிப்பதும் பிழிவதும் அங்கேதான். வெள்ளை ஒயினுக்குச் சக்கையைப் பிரித்துச் சாறு மட்டும் தொட்டிக்குப் போகும். சிவப்புக்கு நிறம் தோலில் இருப்பதால் தோலோடு நொதிக்க விடுவார்கள். தோல் மேலே மிதந்து கட்டியாகும், அதை அடிக்கடி அமுக்கி நனைப்பார்கள். அந்தத் திறந்த தொட்டிமேல் குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள். கரியமில வாயு அங்கே தேங்கி நிற்கும், மயக்கம் வரும். குழந்தையைத் தொட்டிப் பக்கமே விடாதீர்கள்.

கேள்வி: ருசி பார்க்கும்போது? – திருச்சி வாசகி

பதில்: ஒரு கிளாஸில் சுமார் 30 மில்லி என்றால் ஆறு வகைக்கே 180 மில்லி ஆகிவிடும். துப்புவதற்குப் பாத்திரம் கேளுங்கள், அது அங்கே சாதாரணம். ஓட்டுநர் ஒரு வாய்கூட வேண்டாம். வயதுச் சான்று கையில் இருக்கட்டும்; 21 வயதுக்குக் கீழே ஊற்ற மாட்டார்கள். ஜனவரி 26, 30 தேதிகள் மகாராஷ்டிரத்தில் மது விற்பனை இல்லாத நாட்கள், ருசி பார்க்கவென்று போனால் ஏமாற்றம்தான். சனி, ஞாயிறு மும்பைக் கூட்டம் அலைமோதும். செவ்வாய் முதல் வியாழன் வரை போங்கள். கொடியிலிருந்து கேட்காமல் பறித்துத் தின்ன வேண்டாம், மருந்து அடித்திருக்கலாம்.