இசைத்தட்டும் பியரும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் முதுகலை படிக்கிறேன். இங்குள்ள ரஃப் டிரேட் இசைத்தட்டுக் கடையைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுச் சென்ற சனிக்கிழமை நானும் போனேன். கீழே தட்டுகள், மாடியில் மதுக்கூடம். எனக்கு மனம் ஒட்டவில்லை. என் தாத்தா கை கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் தட்டைத் தொடுவார். இங்கே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, பியர் கோப்பையோடு எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதில் என்ன ரசித்தீர்கள்? நான் குடிப்பதும் இல்லை. என்னைப் போன்றவனுக்கு அங்கே என்ன வேலை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தா கை கழுவியதில் பக்தியோடு கைப்பக்குவமும் உண்டு. விரலின் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டினால் ஊசி கரகரவென்று அரற்றும். அவர் அந்தக் கடைக்கு வந்திருந்தால் மாடிப்படியைப் பார்த்ததுமே திரும்பிப் போயிருப்பார்.

ஆனால் அவருக்குப் பிடித்த மாதிரியான கடை ஒன்று உங்கள் ஊரில் இருந்தது. செலக்டாடிஸ்க் என்று பெயர். பல பத்தாண்டுகள் நடந்து 2009இல் மூடப்பட்டது. நல்ல கடை என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாம் தட்டு வாங்கியிருந்தால் ஒருவேளை மூடியிருக்க மாட்டார்கள். 1976இல் ஜெஃப் டிராவிஸ் மேற்கு லண்டனில் தொடங்கிய ரஃப் டிரேட், 2014இல் நாட்டிங்காமுக்கு வந்தபோது மதுக்கூடத்தையும் சேர்த்தே திறந்தது.

கணக்கைப் பாருங்கள். நான் வாங்கிய எல்பி தட்டு 25 பவுண்டு. அதில் நான்கு பவுண்டுக்கு மேல் வரி. மொத்த விற்பனையாளருக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதில்தான் வாடகையும் சம்பளமும். தட்டு விற்காமல் தங்கிவிட்டால் போட்ட முதல் முடங்கிவிடும். ஏப்ரலில் இசைத்தட்டுக் கடை நாளுக்கென்று வரும் சிறப்பு வெளியீடுகளைத் திருப்பி அனுப்பவே முடியாது. கடைக்காரரின் கணிப்பு தப்பினால் அத்தனையும் அவர் தலையில். பியரில் அந்தக் கவலை குறைவு. பீப்பாய் காலியானால் அடுத்த பீப்பாய்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. பழைய மாதிரிக் கடைகளில் அரை மணி நேரம் அட்டைகளைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியேறும்போது முதுகு கூசும். எனக்குக் கூசியிருக்கிறது, வேண்டாத தட்டை அதற்காகவே வாங்கியிருக்கிறேன். மாடியில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நீங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். புதிய தொகுப்பு வெளியாகும் வாரத்தில் இசைக்குழுவே வந்து வாசிக்கும் நாள் ஒன்றில் போயிருக்க வேண்டும். தட்டையும் நுழைவுச்சீட்டையும் சேர்த்தே விற்கிறார்கள். அன்று பேச்சுச் சத்தம் இருக்காது.

ஓடுகிற பாட்டை ஒருவரும் கேட்கவில்லை என்கிறீர்கள். அது உண்மை, எனக்கும் உறுத்தியது. கேட்பதற்கென்றே இருக்கும் இடம் வேண்டுமானால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். யோகோஹாமாவில் 1933இல் தொடங்கிய சிகுசா போன்ற ஜாஸ் காப்பிக்கடைகளில் ஒரு கோப்பை காப்பிக்குக் காசு கொடுத்து, வெளிநாட்டுத் தட்டுகளைக் கேட்டார்கள். தனியாக வாங்கக் கட்டுப்படியாகாத விலை. சில கடைகளில் வாய் திறந்தால் முறைப்பார்கள். அங்கேயும் இசைக்குப் படியளந்தது கோப்பைதான் என்பதைக் கவனியுங்கள்.

சென்னையில் மார்கழிக் கச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? தாளவாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி எழுந்து போகிறவர்களை நான் வெகுகாலம் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் அடை அவியலுக்காக நானும் எழுந்துபோனேன். அதன்பிறகு இந்த விஷயத்தில் யாரையும் கண்டிக்கும் தகுதி எனக்கு இல்லை.

குடிக்காதவர்கள் தாராளமாகப் போகலாம். நான் அன்று குடித்தது காப்பி. அந்த 25 பவுண்டுத் தட்டை இன்னும் கேட்கவில்லை, என்னிடம் சுழற்றுகிற கருவி கிடையாது. உங்கள் தாத்தாவுடையது இன்னும் ஓடுகிறது என்றால் ஊருக்கு வரும்போது சொல்லுங்கள், தட்டோடு வருகிறேன். கையைக் கழுவிக்கொண்டே வருகிறேன்.