உலை எத்தனை என்று கேளுங்கள்

கேள்வி: சேலத்தில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. நெறியாளராக இருக்கிறேன். வறுமை பற்றி ஆய்வு செய்ய வந்த மாணவி, சேர்ந்த இரண்டாவது மாதமே நூறு கேள்விகளோடு களத்துக்குப் புறப்படுகிறார். அனுப்பலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் எடுக்கும் பாடங்களான கோர்ஸ் ஒர்க் முடிவதற்குள், அரசு போட்ட கணக்கை அவர் தன் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் வீடுவாரித் தரவு, மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கணக்கெடுப்பின் அறிக்கையில் ஒரு ஆளின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். மாணவிக்கும் அதே எண் வர வேண்டும்.

முதல் தடவை வராது. பெரும்பாலும் மூன்று இடங்களில் சறுக்கும். 7 நாளுக்குக் கேட்ட காய்கறிச் செலவையும் 365 நாளுக்குக் கேட்ட துணிச் செலவையும் 30 நாளுக்கு மாற்றாமல் கூட்டியிருப்பார். அடுத்தது மல்டிப்ளையர். மாதிரியில் வந்த ஒவ்வொரு வீடும் வெளியே உள்ள பல வீடுகளுக்காக நிற்கிறது. அந்த எடையால் பெருக்காவிட்டால் எண் தப்பும். கடைசியாக, வீடுவாரிச் சராசரியை ஆள்வாரிச் சராசரி என்று நினைத்துக்கொள்வது. சின்னக் குடும்பங்களில் தலைக்குச் செலவு பொதுவாகக் கூடுதல் என்பதால், அப்படிச் செய்தால் எண் வீங்கிவிடும்.

கிராமத்துக்கு 3,860 வந்தால் தவறென்று அடித்துவிடாதீர்கள். ரேஷன் அரிசி போல இலவசமாக வந்த பொருள்களுக்கு விலை போட்டுச் சேர்த்தால் வரும் எண் அது. இந்த 87 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று மாணவி உங்களுக்கு விளக்கும் நாளில் களத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் மலையாளிப் பழங்குடி ஊர்களிலும் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளிலும் கணக்கெடுக்கிறேன். மாத வருமானம் கேட்டால் "என்னமோ வருது, போகுது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் மழுப்பவில்லை. மாதச் சம்பளமே இல்லாதவர் வேறென்ன சொல்வார்? போன வாரம் எத்தனை நாள் வேலை, நாள் கூலியா கிலோ கூலியா, முன்பணத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள், கையில் வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். பிடித்தத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். சேலம் நகரத்துச் செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறையானாலும் அம்மாப்பேட்டைத் தறியானாலும் இதே விதிதான். அந்தக் கட்டம் இல்லையென்றால் கடன் உங்கள் தரவிலிருந்தே காணாமல் போகும்.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் மட்டும் போனால் எல்லா வீட்டிலும் காசு இருக்கும். பறிப்பு முடிந்து வேலை குறைந்தபின் அதே வீடுகளுக்கு மறுபடி போங்கள். ஒரே தடவைதான் போக முடியும் என்றால், எந்த மாதத்துத் தரவு என்பதை ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் போடுங்கள்.

குடும்பத்தை ரேஷன் கார்டை வைத்து எண்ணாதீர்கள். ஒரே கார்டில் இரண்டு உலை இருக்கும். இரண்டு கார்டு ஒரே உலையில் சாப்பிடும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையையும் சேர்த்து எண்ணினால், தலைக்குச் செலவு குறைந்து, ஏழையல்லாத வீடும் ஏழைக் கணக்கில் விழுந்துவிடும்.

கேள்வி: மாதிரிக்கு 384 வீடு போதும் என்று ஒரு அட்டவணை சொல்கிறதே?

பதில்: 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை என்று வைத்துக்கொண்டு, பட்டியல் முழுவதிலிருந்தும் குலுக்கல் முறையில் எடுத்தால் 384. நீங்கள் முதலில் ஊரையும் பிறகு அந்த ஊருக்குள் வீட்டையும் எடுப்பீர்கள். அக்கம்பக்கத்து வீடுகள் ஒன்றுபோல இருப்பதால் மாதிரி கூடுதலாக வேண்டும். ஒன்றரை மடங்கு என்று கொண்டால் 576. பூட்டிய வீடும் மறுப்பும் 10 சதவீதம் என்றால் 640. ஊர்ப் பெரியவர் கைகாட்டும் வீடுகள் இதில் சேராது. அவை பெரும்பாலும் தார் ரோட்டோரத்தில்தான் இருக்கும். எல்லா வீட்டையும் நடந்தே பட்டியல் எடுத்துவிட்டுப் பிறகு குலுக்குங்கள்.

கேள்வி: யார் ஏழை என்று பிரிக்க எந்த வறுமைக்கோட்டை எடுப்பது?

பதில்: 2011-12க்கான அகில இந்தியக் கோடு, தெண்டுல்கர் குழு முறையில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000, ரங்கராஜன் குழுக் கணக்கில் கிராமத்தில் 972, நகரத்தில் 1,407. இரண்டையும் உங்கள் கணக்கெடுப்பு ஆண்டின் விலைக்கு உயர்த்திப் போட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே விழும் வீடுகளைத் தனிப் பட்டியலாக வையுங்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.