வீட்டுவழிக் கல்வி: பாடநூலுக்கு முன் சான்றிதழைப் பற்றி யோசியுங்கள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கும் மகனை நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்க விரும்புவதாகவும், எதைக் கொண்டு தொடங்குவது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாடப்பொருளுக்கு இன்று தட்டுப்பாடு இல்லை. என் கவலையெல்லாம் பிள்ளைக்குப் பிற்காலத்தில் கிடைக்கப்போகும் சான்றிதழையும், உங்களில் ஒருவர் நாள்தோறும் ஒதுக்க வேண்டிய நேரத்தையும் பற்றியதே.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வியை உரிமையாக்குகிறது. வீட்டுவழிக் கல்வியை அது வெளிப்படையாகத் தடைசெய்யவும் இல்லை, அங்கீகரிக்கவும் இல்லை. எனவே இவ்வழியில் செல்லும் குடும்பங்கள் பலவும் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகவே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதவைக்கின்றன. பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. பதிவு ஐந்தாண்டுகள் செல்லும் என்பதால் எல்லாப் பாடங்களையும் ஒரே முறையில் எழுதி முடிக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. ஆனால் இழப்பு ஒன்று உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் தமிழ்நாடு அரசு வழங்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு உரியது. உங்கள் குடும்பச் சூழலில் இது சிறிய விஷயமன்று. வீட்டில் இருவரும் அமர்ந்து பேசியே முடிவெடுங்கள்.

இனிக் கற்பித்தலுக்கு வருவோம். மகனுக்குப் பறவைகள் மீது தீராத ஆர்வம் என்று கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உண்மையில் கடிதத்தின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டிய செய்தி அது. ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தமிழகமெங்கும் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சிறுவர்களும் கலந்துகொள்ளலாம். ஓரிடத்தில் குறைந்தது கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதிய வேண்டும். அந்தப் பட்டியலை வைத்தே கூட்டல், சராசரி, வரைபடம் ஆகியவற்றைக் கற்பிக்கலாம். வலசை வரும் பறவைகளைத் தேடினால் உலகப்படத்தை விரிக்க வேண்டியிருக்கும். பார்த்ததைத் தமிழில் பத்து வரி எழுதச் சொன்னால் மொழிப்பாடமும் ஆயிற்று.

வாசிப்புக்கு பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அறிவியலுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழும், தூக்கியெறியும் பொருள்களைக் கொண்டு அரவிந்த் குப்தா செய்துகாட்டும் விளையாட்டுக் கருவிகளும் போதுமானவை. மாநிலப் பாடநூல்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். வகுப்புக்குரிய அளவை அறிய அவை வேண்டும். விலையுயர்ந்த பாடத்திட்டத் தொகுப்பு எதையும் முதல் ஆண்டில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. நண்பர்களுக்காக ஒரு விளையாட்டுக் குழுவில் அவசியம் சேர்த்துவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் பள்ளிக்குச் செல்வதற்கு முன், வரும் கோடை விடுமுறையில் நாளுக்கு மூன்று மணி நேரம் இதே முறையில் நடத்திப் பாருங்கள். அன்றன்று என்ன நடந்தது, யார் சலித்துப்போனார்கள் என்பதைக் குறித்துவைத்து, மே இறுதியில் அந்தக் குறிப்பேட்டோடு மகனையும் அழைத்து வாருங்கள்.