பைத்தான் மெதுவான மொழி என்கிறார்களே, சி++ கற்றால்தான் வேலைக்கு ஆகுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருந்த இரண்டு வரிதான் என்னை எழுத வைத்தது. சீனியர்கள் "பைத்தான் எல்லாம் ஸ்லோ, நிஜமான புரோகிராமர் சி++ல்தான் எழுதுவான்" என்கிறார்கள், ஆறு மாதம் பைத்தானில் செலவழித்துவிட்டேன், அத்தனையும் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணில்லை. கிட்டத்தட்ட இதே வார்த்தையை ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று மாதம், நான் எழுதிய புரோகிராமையே தொடவிடாமல் என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். எட்டு வருடம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை.

அதற்கு முன், சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று. பைத்தான் மெதுவானதுதான், நான் மறுக்கவில்லை. வெறும் எண்களை வைத்து லூப் சுற்றுகிற, அதாவது ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுகிற வேலையில், சி++க்கு மூலமான சி-யை விடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை பின்தங்கும். காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. சி-யில் இரண்டு எண்ணைக் கூட்டு என்று எழுதினால் கம்பைலர் அதை முன்கூட்டியே பிராசஸருக்கான கட்டளையாக மாற்றி வைத்துவிடும். பைத்தானோ ஓடும்போதுதான் ஒவ்வொரு தடவையும் இது எண்ணா, எழுத்தா, இதற்குக் கூட்டல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கிறது. சி-யில் 4 பைட்டில் அடங்குகிற சின்ன எண், 64 பிட் பைத்தானில் 28 பைட் பிடிக்கும். 2022ல் வந்த பைத்தான் 3.11 பதிப்பு முந்தைய 3.10ஐ விட, பைத்தானை உருவாக்குகிறவர்களுடைய சோதனைகளில் சராசரியாக 1.25 மடங்கு வேகம் காட்டியது. நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் சி-யின் பக்கத்தில் வந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் பேசுகிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அப்போது சென்னை மண்ணடியில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை. நாங்கள் மூன்று பேர். மணலி, திருவொற்றியூர் பக்கம் இருக்கிற கண்டெய்னர் யார்டுகளுக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்டுகளுக்கும் கணக்கு பார்க்கிற மென்பொருள் எழுதிக் கொடுப்போம். யார்டு என்றால் நீங்கள் பார்த்திருப்பீர்கள், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் வளர்ந்தவராக இருந்தால் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. காலிப் பெட்டிகளை ஐந்து ஆறு அடுக்காக ஏற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் உள்ளே வரும்போது கேட் இன், வெளியே போகும்போது கேட் அவுட். கேட்டில் இருக்கிற கிளார்க் பெட்டியின் எண்ணைப் பதிவு செய்வார். ஷிப்பிங் லைன் (கப்பல் கம்பெனி) தன் பக்கத்திலிருந்து ஒரு எக்செல் பட்டியல் அனுப்பும், எங்கள் பெட்டிகள் இன்னின்ன தேதியில் உங்களிடம் இருந்தன என்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் யார்டு வாடகை பில் பாஸ் ஆகும்.

ஒரு யார்டில் மூன்று வருடக் கணக்கு தகராறில் மாட்டிக்கொண்டது. கேட் பதிவில் 1,20,000 வரி. லைன் அனுப்பிய பட்டியலில் 80,000 வரி. ஒன்றோடு ஒன்றைப் பொருத்த நான் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு தடவை ஓட இருபது நிமிடம் ஆனது.

இருபது நிமிடம் பெரிய விஷயமா என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை ஓட்டினால் பொருந்தாத எண்களின் பட்டியல் வரும். கேட் கிளார்க் பழைய ரிஜிஸ்டரை எடுத்து, 8 என்று எழுதியதை 3 என்று டைப் செய்திருக்கிறார்கள், இரண்டு எண் இடம் மாறியிருக்கிறது என்று திருத்துவார். திருத்தியதும் திரும்ப ஓட்ட வேண்டும். திரும்ப இருபது நிமிடம். அந்தக் கிளார்க்குக் காசிமேடு. ஐம்பத்தெட்டு வயது, ஒரு கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு, மெர்க்குரி விளக்கு வெளிச்சத்தில், டீ வாங்கி வைத்துக்கொண்டு திரையையே பார்ப்பார். "இன்னாப்பா தம்பி, மிஷின் நின்னுகிச்சா?" என்று கேட்பார். "இல்லண்ணே, ஓடிட்டுதான் இருக்கு" என்பேன். ஒரு ராத்திரிக்கு எட்டு, ஒன்பது தடவைக்கு மேல் ஓட்ட முடியவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில்தான் அவர் வீட்டுக்குப் போவார்.

யார்டு முதலாளி பொறுமை இழந்துவிட்டார். பெரிய கம்பெனி அனுபவம் உள்ள ஒருவரை ஆலோசகராகக் கூட்டி வந்தார். அவர் என் கோடை, அதாவது நான் எழுதிய புரோகிராம் வரிகளை, திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார். "பைத்தானா? அப்புறம் இப்படித்தான் இருக்கும். இது ஸ்கிரிப்ட் பசங்க வேலை. சி++ல் போட்டால் பறக்கும்" என்றார். அவ்வளவுதான். எங்கே நேரம் போகிறது என்று அளந்து பார்க்கவில்லை. பைத்தானோடு கூடவே வருகிற புரொஃபைலர் இருக்கிறது, எந்த ஃபங்ஷனில் எத்தனை நொடி என்று சொல்லிவிடும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கேட்க ஆள் இல்லை.

மூன்று மாதம் சி++ல் எழுதினார்கள். என் கோடையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி மாற்றினார்கள் என்று பிறகு தெரிந்தது. முடிவில் இருபது நிமிடம் ஒன்றரை நிமிடமானது. எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி வீட்டில் என் பழைய கோடைத் திறந்து உட்கார்ந்தேன். கேட் பதிவின் ஒவ்வொரு வரிக்கும் லைன் பட்டியலை முதலிலிருந்து தேடுகிறேன். லூப்புக்குள் லூப். 1,20,000 பெருக்கல் 80,000 என்றால் 960 கோடி. பாதியிலேயே கிடைத்துவிடும் என்று வைத்தாலும் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடு. அது போதாதென்று ஒவ்வொரு ஒப்பீட்டிலும் எண்ணுக்கு நடுவே இருக்கிற இடைவெளியையும் சின்ன ஹைஃபன் குறியையும் நீக்குகிற வேலையையும் உள்ளேயே வைத்திருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது, அதை எங்கேயும் ஒளித்ததில்லை. பரிசோதனைக்கு இருநூறு வரியை வைத்து எழுதியபோது ஒன்றும் தெரியவில்லை.

சுத்தம் செய்கிற வேலையை வெளியே எடுத்து ஒரே தடவை செய்தேன். 80,000 எண்ணையும் பைத்தானின் டிக்ஷனரி என்ற வசதியில் போட்டேன். டிக்ஷனரி ஒரு எண்ணை வரிசையாகத் தேடாது. எண்ணிலிருந்தே ஒரு கணக்குப் போட்டு, இது இந்த அறையில்தான் இருக்கும் என்று நேராக அங்கே போய்ப் பார்க்கும். 960 கோடி இரண்டு லட்சமாகச் சுருங்கியது. பதினைந்து வரி மாறியிருக்கும், ஒரு மணி நேர வேலை. ஓட்டினேன், இரண்டு நொடிக்குள் முடிந்தது. நம்பாமல் நான்கு தடவை ஓட்டினேன். விடை பொருந்துகிறதா என்று பழைய பட்டியலோடும் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

பைத்தான் இரண்டு நொடி, சி++ ஒன்றரை நிமிடம். இதை வைத்துப் பைத்தான்தான் வேகம் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். சி++லும் அன்ஆர்டர்ட் மேப் என்று இதே வசதி இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் என் இரண்டு நொடியையும் தாண்டியிருக்கும். மூன்று மாதத்தில் அதை யாரும் போடவில்லை, மொழியை மாற்றினாலே போதும் என்று நினைத்தார்கள். என் வருத்தம் அதுதான்.

மறுநாள் காட்டினேன். "ஏற்கெனவே பணம் கொடுத்தாச்சு, இதை வைத்து என்ன செய்ய" என்றார்கள். நான்கு மாதம் கழித்து லைன்காரர்கள் எக்செல்லில் இரண்டு நெடுவரிசையை இடம் மாற்றி அனுப்பினார்கள். சி++ எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். கோடைத் தொட ஆள் இல்லை. அப்போது சத்தமில்லாமல் என் பைத்தான் உள்ளே வந்தது. அந்த மாற்றத்துக்குப் பத்து நிமிடம் ஆனது. ஒரு மொழி எவ்வளவு பயன்படும் என்று பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாளைக்கு அதைத் திருத்தப்போவது யார், எவ்வளவு நேரத்தில் திருத்துவார்?

இதையே மறுபக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. அதே யார்டில் ஒரு வே பிரிட்ஜ் (லாரியோடு எடை போடுகிற மேடை) இருந்தது. 2016 ஜூலை முதல், ஏற்றுமதிப் பெட்டியின் மொத்த எடையைச் சரிபார்த்துச் சொல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சர்வதேச விதி வந்துவிட்டது. அதனால் எடையை கம்ப்யூட்டரில் எடுக்க வேண்டும். எடை காட்டும் கருவி 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் சீரியல் வயர் வழியாக அனுப்பும். ஒரு எழுத்துக்குப் பத்து பிட் என்று வைத்தால் நொடிக்கு 960 எழுத்து. அதைப் படிக்க சி++ வைத்தாலும் பைத்தான் வைத்தாலும் வயரில் வருகிறபடிதான் வரும். டிரெய்லர் ஆட்டம் நின்று எண் நிலைக்கவே சில நொடி ஆகும். அங்கே பைத்தான் தாராளமாகப் போதும். ஆனால் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குகிற சின்ன போர்டில் இருந்த சிப்புக்கு மொத்தமே 2 கேபி நினைவகம். பைத்தானின் 28 பைட் கணக்கில் 73 எண்ணோடு இடம் தீர்ந்துவிடும். அங்கே சி-தான், வேறு பேச்சே இல்லை. அந்த சி கோடையும் நான்தான் எழுதினேன். பாலிடெக்னிக்கில் நீல நிற டர்போ சி திரையில் கற்றது அங்கே கைகொடுத்தது.

அந்த ஆலோசகர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி கோடைப் பற்றியது இல்லை. "வீடு எங்கே?" என்றார். வடசென்னையில், வண்ணாரப்பேட்டை என்றேன். "ஓ, அந்த ஏரியாவா" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் கோடைத் திறந்தார். நேர்முகத் தேர்வுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். விலாசத்தைப் படித்ததும் குரல் மாறும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் எங்கள் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலை பெரம்பூரில் 1955லிருந்து ஓடுகிறது. இயந்திரத்தோடு வாழ்கிற ஜனங்கள் நாங்கள். ஆனால் கம்ப்யூட்டர் வேலை என்றால் எல்லாக் கட்டடமும் தெற்கே, ஓஎம்ஆரில். திருவொற்றியூரிலிருந்து சிறுசேரிக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். 2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, நல்லதுதான், ஆனால் அது ஓஎம்ஆர் பக்கம் போகாது. மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கான தடத்துக்கு வேலை நடக்கிறது, நம் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் பஸ்ஸில் போகிறவனிடம், எந்த மொழி எத்தனை மில்லி நொடி மிச்சம் பிடிக்கும் என்று பாடம் எடுக்கிறார்கள். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் நீங்கள் கொருக்குப்பேட்டை என்று எழுதியிருந்ததால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். கடைசி வருடம், கையில் ஒரு சுமாரான லேப்டாப், வளாகத் தேர்வு நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். பைத்தானை விடாதீர்கள். பெரிய அளவில் எண் கணக்கு வந்தால் நம்பை (NumPy) போன்ற தயார் நூலகங்கள் இருக்கின்றன, அவற்றின் உள்ளே ஓடுவது சி-தான். ஜாவா கேட்கிற கம்பெனிகள் நிறைய, அதில் அடிப்படை தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஓடத் தொடங்கும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும், சூடேறிய பிறகு நல்ல வேகம். வெப் பக்கம் போவதானால் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் முடியாது. டேட்டாபேஸ் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். புத்தகத்தின் பின்பக்க அட்டவணை மாதிரியான இண்டெக்ஸ் போடாத பெரிய டேபிளில் தேடினால் எந்த மொழியில் எழுதினாலும் நின்று நின்றுதான் வரும். சி-யை மட்டும் மூன்று மாதம் ஒதுக்கிப் படியுங்கள். கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்தால் பைத்தானையே வேறு கண்ணோடு எழுதுவீர்கள்.

இந்த வாரமே செய்து பார்க்க ஒரு பயிற்சி தருகிறேன். ஒவ்வொரு கண்டெய்னர் எண்ணிலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஒரு சோதனை இலக்கம். ஐஎஸ்ஓ 6346 என்ற விதி. எழுத்துகளுக்கு ஏ 10, பி 12 என்று தொடங்கி இசட் 38 வரை மதிப்பு, நடுவே 11, 22, 33 மூன்றையும் விட்டுவிட வேண்டும். முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், அடுத்ததை 4ஆல் என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்த மீதிதான் சோதனை இலக்கம். மீதி 10 வந்தால் 0. சி, எஸ், க்யூ, யு, பிறகு 305438 என்று போட்டால் கூட்டுத்தொகை 6185, மீதி 3 வர வேண்டும். இதைப் பைத்தானிலும் சி-யிலும் எழுதி, பத்து லட்சம் எண்ணுக்கு ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி முடிக்க உங்களுக்கு ஆன நேரத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

இந்தச் சோதனையை என் புரோகிராமில் பிறகு சேர்த்தேன். கேட்டில் எண்ணை டைப் செய்யும்போதே தப்பு என்றால் சிவப்பாகக் காட்டும். கிளார்க் அண்ணன் ரிடையர் ஆவதற்கு முன் கடைசி ஒன்றரை வருடம், ரிஜிஸ்டரைத் தேடி ராத்திரி உட்கார வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.